இரண்டு வாசல் உணவுச்சாலை

கி.பி. 1344ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து கப்பலேறி ஈழத்தின் மேற்குக் கரையை வந்தடைந்தார் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா. சிவனொளிபாத மலை என்றும் பாவா ஆதம் மலை என்றும் நம்மவர் வழங்கும் மலையைக் காண்பது அவர் நோக்கம். செல்லுமிடமெல்லாம் தமக்கு யார் சோறிட்டனர், எவ்வாறு இட்டனர் என்பதைக் கூர்ந்து நோக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. மலபாரில் முஸ்லிம் வழிப்போக்கரை இந்துக்கள் வீட்டினுள் அழைப்பதில்லை. சமைத்துக் கொடுத்தாலும் வாழையிலையிலேதான் இடுவார்கள். தம் பாத்திரத்தில் அவர் உண்டுவிட்டால் அதனை உடைத்தெறிவார்கள் என்று எழுதினார். இலங்கையரோ முஸ்லிம்களைத் தம் வீட்டிலே தங்கவைத்து உணவளிக்கின்றனர். பெண்டு பிள்ளைகள் விஷயத்திலும் அவர்கள்மீது ஐயங்கொள்வதில்லை என்றும் எழுதினார்.

இன்று பயணத்தின் திசை மாறிவிட்டது. அராபியர் இங்கு வந்து உண்டது போக, நம்மவர் அங்கு சென்று உண்கின்றனர். 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. 1977இல் இலங்கையின் பொருளாதாரக் கதவு திறந்தது. வளைகுடாவுக்கு ஆட்கள் புறப்பட்டனர். 1985இல் விக்டோரியா அணைக்கட்டுத் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீருள் மறைந்தது. அதே ஆண்டில்தான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் தோன்றியது. கண்டி மாவட்டம் அவ்வாறு ஆட்களை அனுப்பிய மாவட்டங்களுள் முன்வரிசையில் நின்றது. 1990களின் நடுப்பகுதியில் நாட்டைவிட்டுச் சென்ற தொழிலாளருள் பெரும்பான்மையினர் பெண்களே. திகன, தெல்தெனிய, குண்டசாலைப் பகுதிகளில் சவூதி அரேபியாவின் பெயரை அறியாத தெரு இராது. ஹஜ்ஜுக்குச் சென்றோரும் உளர். சமையலறைக்குச் சென்றோரும் உளர்.

அந்நாட்டின் உணவுச்சாலைக்கு நெடுங்காலம் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று 'தனியாட்கள்' வாசல், ஆண்களுக்கு உரியது. மற்றது 'குடும்பங்கள்' வாசல். பெண்களுக்கும், அவர்களோடு வரும் கணவன், தந்தை, உடன்பிறந்தாருக்கும் உரியது. குடும்பப் பகுதியின் உள்ளேயும் மேசைக்கு மேசை மரத்தட்டி அல்லது திரை. குடும்பப் பகுதி இல்லாத சிறிய கடையாயின், பெண் உள்ளே அமர்ந்து உண்பதற்கே இடமில்லை. தொழுகை நேரத்தில் கடை கதவடைக்கும். வெளிநாட்டார் தங்கும் பெரிய ஹோட்டல்களில் இக்கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்திருந்ததுண்டு. பணம் உள்ள இடத்தில் ஒழுக்க விதிகள் இளகுவது உலகெங்கும் உள்ள வழக்கமன்றோ! எனினும் 2008இல் ரியாத் நகரக் காப்பிக்கடை ஒன்றின் குடும்பப் பகுதியிலே, தம்மோடு பணிபுரியும் ஆடவருடன் அமர்ந்திருந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவரைச் சமயக் காவலர் பிடித்துச் சென்றனர்.

இது மார்க்கத்தின் கட்டளை என்பார் உளர். அவர்களிடம் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. மக்காவிலே கஃபாவைச் சுற்றிவரும் இலட்சோப இலட்சம் ஆண்களும் பெண்களும் ஒரே வட்டத்தில், தோளோடு தோள் உரசத்தானே சுற்றுகிறார்கள்? இறையில்லத்தில் இல்லாத தடுப்பு இறைச்சிக் கடையில் எங்கிருந்து வந்தது? வரலாறு விடை சொல்கிறது. பிரிவினை முன்பும் இருந்ததுதான். ஆயின் அது இறுகியது 1979க்குப் பின்னர். அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் ஆயுதந் தாங்கிய கூட்டமொன்று மக்காப் பெரிய பள்ளிவாசலைக் கைப்பற்றியது. இரு வாரங்களின் பின் அதனை மீட்ட அரச குடும்பம், தன் ஆட்சியின் சமயத் தகுதிக்கு மாசு வந்துவிடுமென அஞ்சி, மதகுருமாரின் கையில் மேலும் அதிகாரத்தை ஒப்படைத்தது. அரியணையின் அச்சம் பெண்கள்மீது திரையாய் விழுந்தது. அரியணையின் தேவை மாறியபோது திரையும் மெல்ல விலகியது. 2016இல் சமயக் காவலரின் கைதுசெய்யும் உரிமை பறிக்கப்பட்டது. 2019 செப்டெம்பரில் உல்லாசப் பயணிகளுக்கு விசா வழங்கத் தொடங்கினர். அதே ஆண்டு டிசெம்பரில், உணவுச்சாலைக்கு இரண்டு வாசல் கட்டாயமன்று என்று ஓர் அமைச்சு அறிவித்தது. எண்ணெய்க்கு அப்பாலும் வருவாய் தேடவேண்டிய காலம். இரண்டு கதவு வைத்துக்கொண்டு உல்லாசப் பயணியை எப்படி வரவேற்பது?

ஆனால் இந்த இரு வாசல்களுள் எதற்கும் உரியவளல்லாத ஒருத்தியும் அங்கே இருந்தாள். குடும்ப வாசலால் நுழைந்து, எசமானின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டார் உண்பதைப் பார்த்திருக்கும் நம் ஊர்ப் பணிப்பெண்ணைச் சொல்கிறோம். சவூதியின் 2005ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வீட்டுப் பணியாளரைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. அவ்வாண்டுதான் மூதூரிலிருந்து ரிசானா நபீக் அங்கு சென்றாள். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதியிருந்தனர். உண்மையில் அவளுக்கு வயது பதினேழு. சமையலுக்கும் துப்புரவுக்கும் சென்றவளிடம் கைக்குழந்தையையும் ஒப்படைத்தார்கள். புட்டிப்பால் ஊட்டுகையில் குழந்தைக்குப் புரையேறியதென்றாள் அவள், கொலையென்றது நீதிமன்றம். 2013 சனவரி 9ஆம் நாள் அவள் தலை துண்டிக்கப்பட்டது. அவளும் முஸ்லிம்தான், அதே கிப்லாவை நோக்கித் தொழுதவள்தான். வறுமைக்கு அந்த ஒருமைப்பாடு துணைவரவில்லை.

இதைப் படித்துவிட்டு அராபியரைப் பார்த்து நகைக்க எண்ணும் நண்பர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும். தமிழரின் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இரண்டு வாசல் இருந்தது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேறு பாத்திரம், வேறு இடம். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. எனினும் அறுபதுகளின் பிற்பகுதியில் அம்மக்கள் அடிபட்டும் உயிர்கொடுத்துமே அக்கடைகளுள் நுழைய நேர்ந்தது. அதே 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகைக்கு எதிராகப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைசென்றனர். ரியாத்தின் தடுப்புக்கு மரத்தட்டியேனும் வேண்டியிருந்தது. நம் தடுப்புக்குக் குவளையே போதுமானதாயிருந்தது.

கண்டிப் பக்கத்திலே இப்படிப்பட்ட தடுப்பு இல்லையே என்று நாம் நெடுநாள் ஆறுதல் கொண்டிருந்தோம். இங்கே 'ஹோட்டல்' என்றால் மாளிகையன்று; றொட்டியும் வெறுந்தேநீரும் கிடைக்கும் தெருவோரக் கடை. முஸ்லிம் கல்லாவில் இருப்பார். சிங்கள லொறிச் சாரதியும் தோட்டத் தமிழரும் ஒரே பலகையில் அமர்ந்து உண்பர். 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிராகக் கூச்சல் எழுந்தபோதே அப்பலகை ஆடத் தொடங்கியிருந்தது. 2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையிலே, கறியில் மிதந்த கட்டியொன்றைக் காட்டி, இது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றனர். கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்பு தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதியொருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் மருத்துவமனையில் இறந்தார். அக்குற்றத்தை விசாரிக்க நீதிமன்றம் இருந்தது. ஆயின் மார்ச் 5ஆம் நாள் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டினுள் ஓர் இளைஞர் மாண்டார். மறுநாள் நாடெங்கும் அவசரகாலச் சட்டம். அதற்கு மறுநாள் முகநூலுக்குத் தடை.

அம்பாறைக் கடையிலிருந்து எடுத்த கட்டியை அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தார். அதில் மருந்து எதுவும் இல்லை, கட்டிபட்ட மா.