இரண்டாம் ஆண்டில் மூவர்

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் கறுப்பு அங்கி அணிந்த பெண்களைக் காண்பது இன்று புதுமையன்று. 1940களின் இறுதியில் திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் நிலை வேறு. முதலாண்டில் ஒரு வகுப்பில் சேர்ந்த பெண்கள் ஐவர்; இரண்டாம் ஆண்டில் எஞ்சியோர் மூவரே. சேர்வதினும் திரும்பி வருவதே அன்று அரிதாயிருந்தது.

அம்மூவருள் ஒருவர் பத்தனம்திட்டா இராவுத்தர் குடும்பத்து மர்ஹூமா பாத்திமா பீவி. வேதியியலில் மேற்படிப்பை நாடியிருந்த மகளைச் சட்டத்தின்பால் திருப்பியவர் தந்தையார் மீரா சாகிபு. நீதித்துறையில் அன்னா சாண்டி அம்மையார் பெற்ற உயர்வு அவர் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. முஸ்லிம் பெண்ணின் கல்விக்குத் தடை வீட்டிலிருந்தே எழுமெனப் பேசுவோர் இத்தந்தையை அறியார் போலும்! 1950இல் வழக்கறிஞர் தேர்வில் முதலிடம் பெற்ற அப்பெருமாட்டி, 1989 அக்டோபர் 6இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997இல் நம் தமிழகத்திற்கே ஆளுநராகவும் வந்தார்.