கபுறடியில் கேட்கப்படும் பெயர்

கல்முனைக் கரையில் மையத்தை அடக்கி மண் தள்ளி முடிந்ததும் லெப்பை கபுறின் தலைமாட்டில் உட்காருவார். மௌத்தானவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தல்கீனை ஓதத் தொடங்குமுன் பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரரிடம் தணிந்த குரலில் ஒன்று கேட்பார்: "உம்மாட பேர் என்ன?" மௌத்தானவரை அவரைப் பெற்றவளின் பெயரோடு சேர்த்து அழைத்துத்தான் தல்கீன் சொல்வது பழைய வழக்கம். தாயின் பெயர் தெரியாவிட்டால் ஆதித்தாய் ஹவ்வாவின் பிள்ளையே என்று அழைப்பார்கள். அடையாள அட்டையிலும் காணி உறுதியிலும் வாப்பாவின் பெயரையே முன்னெழுத்தாகச் சுமந்த மனிதர், மண்ணுக்குள் போனபிறகு உம்மாவின் பிள்ளையாகிவிடுகிறார்.

எங்கள் ஊர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும் வழக்கம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரம் நீளும் முஸ்லிம் ஊர்களில் குடி என்னும் குலம் தாய்வழியாகத்தான் வரும். அயலிலுள்ள தமிழருக்கும் அப்படியே. வீடு மகளுக்கு, மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் மரைக்காயர்கள்கூடக் குடிக்கு ஒருவராகவே வந்தார்கள். இந்தக் குடிமுறையைப் படிப்பதற்காக அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். பின்னும் பல தடவை வந்து போய், 2008இல் பெரிய நூலொன்றே வெளியிட்டார். அவர் தேடி வந்து எழுதிய முறைக்குள்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். உம்மாவின் வீட்டு வளவில்தான் உம்மாவின் உம்மாவும் இருப்பார். நான் வளர்ந்ததும் அப்படி ஒரு வளவில், மூத்தம்மாவின் பாய்க்கருகில்.

மூத்தம்மா பன்பாய் இழைப்பவர். வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு பன்னைக் கையால் தொடமாட்டார். எங்கள் கணக்கில் வியாழன் பொழுது பட்டதுமே வெள்ளியிரவு தொடங்கிவிடும். மஃரிப் தொழுது, சாம்பிராணி போட்டு, யாஸீன் ஓதி முடித்ததும் பெயர்களைச் சொல்லத் தொடங்குவார். முதலில் தன் உம்மா, பிறகு உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா என்று பின்னோக்கிப் போகும். அதற்குப் பிறகு சிறு வயதில் போன பிள்ளைகள், மூத்தப்பா, அவர் பக்கத்தார், வளவில் இருந்து சொந்தமில்லாமல் மௌத்தான ஒரு கிழவி. ஒவ்வொரு பெயருக்கும் பாத்திஹா. அந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. தாய்வழிப் பெண்கள் ஏழு தலைமுறைக்கு அதில் இருந்தார்கள். எந்தப் பதிவுக் கந்தோரிலும் இல்லாத ஏழு பெண்கள்.

மூத்தம்மா அவர்களில் ஒருவருடைய கபுறைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. பெண் மையத்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, கற்பூரமும் அத்தரும் பூசி, கடைசியாக முகம் பார்ப்பதுவரை எல்லாம் பெண்களின் கையில். சந்தூக்கு படலையைத் தாண்டியதும் அது ஆண்களின் காரியமாகிவிடும். "கபுறு ஆம்புளையளுக்குப் புள்ள. நமக்கு ஓதுறதுதான்" என்பார் மூத்தம்மா. கவலையோடு சொன்ன மாதிரி எனக்கு நினைவில்லை. தன் வேலை எது என்று தெரிந்த ஒருவரின் பேச்சு அது.

ஒலிபெருக்கி வருமுன் மௌத்துச் செய்தியை ஆள் விட்டு வீடு வீடாகச் சொன்னார்கள். பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கி வந்தது. தூர ஊருக்கு இலங்கை வானொலியின் மரண அறிவித்தல் போனது. மௌத்து வீட்டில் அடுப்பு எரியாது, அயல் வீடுகளிலிருந்து சோறு வரும். மௌத்தானவருக்காக ஓதும் கத்தங்கள் அடுத்தடுத்து வரும்: மூன்றாம் கத்தம், ஏழாம் கத்தம், நாற்பதாம் கத்தம், பிறகு வருடக் கத்தம். கைம்பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார். கத்தத்தன்று ஓத வந்தவர்கள் சோற்றுச் சகனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட, வராதவர்களுக்கு நார்சாப் பொதி வீட்டுக்குப் போகும். வசதி குறைந்த வீட்டில் அரிசிமா ரொட்டியும் வாழைப்பழமும். எது கொடுத்தாலும் மௌத்தானவரின் பெயரைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். சிறுபிள்ளையாகக் கையில் ரொட்டியை வாங்கும்போதே ஒரு பெயரையும் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

எண்பதுகளுக்குப் பின் இதில் மாற்றம் வந்தது. கத்தமும் மௌலூதும் தல்கீனும் மார்க்கத்தில் இல்லாத புதுமைகள் என்று சொன்ன மௌலவிமாரின் குரல் வலுத்தது. வீட்டுக்குள்ளேயே ஓதும் பக்கம், ஓதாத பக்கம் என்று பிரிந்தார்கள். அந்தத் தர்க்கத்தில் தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கில்லை. ஓதாதவர்களும் தங்கள் பெற்றோருக்காக நெஞ்சுருகி துஆ கேட்கிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் ஆசிரியையாக வகுப்பறையில் நான் கண்ட ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மூத்தம்மாவின் உம்மா பெயர் என்ன என்று கேட்டால் முன்பு கைகள் உயரும். இப்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். கத்தம் நின்ற வீடுகளில் பெயர் சொல்வதும் நின்றுவிட்டது. பெயரைக் காப்பதற்கு வேறு ஏற்பாடு ஒன்றும் நாங்கள் செய்யவில்லை.

கபுறு இல்லாத இடத்தில் நினைவை வைத்திருக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் பழையது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றிப் பன்னிரண்டு நாள் நினைவுகூரப்படும் சாஹுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது கடலுக்கு அப்பால் நாகூரில். எங்கள் மணலில் இருப்பது அவர் பெயரும் கொடியும் மட்டுமே. கொடியேற்றத்தன்று தமிழ்க் குடும்பங்களும் நேர்ச்சையோடு வருவதைச் சின்ன வயதிலிருந்தே கண்டிருக்கிறேன். சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் தாண்டினால் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர், யாழ் நூலை 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றிவிட்டு அடுத்த மாதம் 19ஆம் திகதி மறைந்தார். அவருடைய சமாதியும் பிறந்த ஊரில் இல்லை. மட்டக்களப்பு கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவில் இருக்கிறது.

கபுறு இங்கே இல்லாத இன்னொரு பெயரும் உண்டு. 2000 செப்டெம்பர் 16, சனிக்கிழமை. பாராளுமன்றத் தேர்தலுக்கு மூன்றரைக் கிழமைதான் இருந்தது. கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட ஹெலிகொப்டர் அரநாயக்கவில் ஊரகந்த மலையில் விழுந்து அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபும் கூடச் சென்ற பதினான்கு பேரும் போய்விட்டார்கள். 1948இல் சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர், சட்டத்தரணி, 1981இல் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கியவர், 1989இல் திகாமடுல்லவிலிருந்து பாராளுமன்றம் போனவர் என்று அவரைப் பற்றி எழுதுவார்கள். எல்லாம் உண்மை. என் தலைமுறைக்கு அவர் முதலில் ஒலுவில் பல்கலைக்கழகம். யுத்தத்தால் யாழ்ப்பாணமும் வந்தாறுமூலையும் எட்டாத இடங்களாகிப் போன காலத்தில், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. பெண் பிள்ளையைத் தூர ஊருக்கு அனுப்பத் தயங்கிய வாப்பாமார், காலையில் போய் மாலையில் வரலாம் என்றதும் சம்மதித்தார்கள். அப்படிப் படித்து வந்த பெண்கள் இன்று இந்தக் கரையின் பாடசாலைகளில் படிப்பிக்கிறார்கள்.

அஷ்ரஃப் கவிஞரும்கூட. மறைவதற்கு முந்திய ஆண்டு 'நான் எனும் நீ' என்ற தொகுதி வந்தது. தலைவன் விழுந்தாலும் நின்றுவிடாமல் நடக்கச் சொல்லும் கவிதை ஒன்றும் அவர் எழுதியதுதான். மௌத்துக்குப் பிறகு அந்தக் கவிதை ஊரெல்லாம் வேறு கனத்தோடு ஒலித்தது. அவரை அடக்கியதும் இங்கே அல்ல, கொழும்பு ஜாவத்தை மையவாடியில். எங்கள் பள்ளியில், மையம் முன்னில்லாமல் தொழும் காயிப் ஜனாஸா தொழுதார்கள். ஆண்கள் தொழுகைக்குப் போக, பெண்கள் வீடுகளில் குர்ஆனைப் பிரித்து வைத்து அழுதார்கள். அடுத்த வெள்ளியிரவு மூத்தம்மாவின் வரிசையில், எல்லாப் பெயருக்கும் கடைசியில், ஒரு புதுப் பெயர் வந்தது. எங்கள் குடியுமில்லை, உறவுமில்லை. மூத்தம்மா அவரைக் கிட்டே கண்டதுகூட இல்லை. அரசியல் மூத்தம்மாவுக்குத் தெரியாது. பேத்தி பஸ்ஸில் ஒலுவிலுக்குப் போய்ப் படித்தாள் என்பது தெரியும்.

அஷ்ரஃபின் பெயர் கல்முனையில் வைத்தியசாலையாக நிற்கிறது, அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று. 1947இல் கல்முனையின் முதல் பாராளுமன்ற உறுப்பினரான கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பரையும், பின்னாளில் அமைச்சராயிருந்த ஏ.ஆர். மன்சூரையும் ஊர் மறக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் படிக்கும் மகளிர் கல்லூரி, கல்வியமைச்சராக இருந்த பதியுத்தீன் மஹ்மூதின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உரியவர்களுக்கு உரிய மரியாதை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தாய்வழியாகக் குடியும் வீடும் கடத்தும் இந்த ஊரில் ஒரு பெண்ணின் பெயர் சொல்லும் வீதியையோ கட்டடத்தையோ தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. அச்சிலும் பெயர் தவறிப்போகிறது. சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீல், முஸ்லிம்கள் எழுதிய தமிழ் நூல்களையெல்லாம் தேடிப் பிடித்து 'சுவடி ஆற்றுப்படை' என்று தொகுதிகளாகப் பட்டியலிட்டார். நாட்டார் கவிகளையும் 'கிராமத்து இதயம்' என்று சேர்த்து வைத்தார். 2015இல் அவர் மறைந்தபோது அந்த உழைப்பு அச்சில் இருந்தது. அந்தக் கவிகளை முதலில் கட்டியவர்கள் யார் என்பது எங்கும் இல்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. நாட்டில் அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000-க்கும் மேல். கடற்கரைப் பள்ளியைச் சுற்றி வீடுகள் போக, பள்ளி நின்றது. குளிப்பாட்டவும் கபனிடவும் ஆளுமில்லை, துணியுமில்லை. பெரிய குழிகளில் ஒன்றாக வைத்து மூடினார்கள். அந்த வருடம் மூத்தம்மாவின் வரிசை நீண்டதைப் பற்றி அதிகம் எழுத எனக்குக் கை வரவில்லை.

பிறகு கொவிட். 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, தொற்றால் இறந்த எவரையும் எரிக்கவேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இருபது நாள் சிசு ஒன்றுகூட எரிக்கப்பட்டது. பொரளை மயானத்துக் கதவில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் உத்தரவு மாறியது. மார்ச் 5ஆம் திகதியிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும் அடக்கலாம் என்றார்கள். ஒரு வருடத்தில் அங்கே அடங்கியவர்கள் 3,600-க்கும் மேல். பெரும்பாலும் முஸ்லிம்கள், பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கூடவே இருக்கிறார்கள். கட்டாயமாக எரித்ததற்கு 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

அங்கே அடங்கியவர்களில் என் மூத்தம்மாவும் ஒருவர். வைத்தியசாலையிலிருந்து நேரே கொண்டுபோனார்கள். நாங்கள் குளிப்பாட்டவில்லை, முகம் பார்க்கவில்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்பைத் தாண்டி எழுபது கிலோமீற்றர் அளவு தூரம். பாதுகாப்பு உடுப்போடு என் தம்பியும் இன்னும் ஓரிருவரும் மட்டும் நிற்க அனுமதி. அங்கிருந்து தம்பி என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "ராத்தா, மூத்தம்மாட உம்மாட பேர் என்ன?" தல்கீனைத் தானே ஓதப்போகிறான், பெயர் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. வெள்ளியிரவுகளில் பாய்க்கருகில் கிடந்து கேட்ட வரிசையின் முதற் பெயர் அது. சொன்னேன். மகளின் பெயரை மட்டும் அறிந்திருந்த அந்த அந்நிய மண்ணில் தாயின் பெயரும் ஒலித்தது. அன்றிரவு ஆண்களும் பெண்களும் எங்கள் வீட்டில் ஒரே நிலையில் இருந்தோம்: யாருக்கும் எட்டிப்போய் நிற்கக் கபுறில்லை. ஆண்களுக்கு அது புதிது. எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் இருந்தார்கள். நினைவை எப்படி வைத்திருப்பது என்று அவர்களைத்தான் கேட்கவேண்டியிருந்தது.

அந்தப் பெயர்களை ஒரு சிஆர் கொப்பியில் எழுதியிருக்கிறேன். பெயர், யாருடைய மகள், எந்தக் குடி, எந்த வளவு, என்ன வேலை தெரிந்தவர், எந்த வருத்தத்தில் போனார் என்று தெரிந்தவரை. நூலாக்கும் எண்ணமில்லை, என் மகள் கையில் போகும்.

இதை வாசிக்கும் கரையோரத்துப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஓதும் வீடாயினும் ஓதாத வீடாயினும் எழுதுவதற்குத் தடையில்லை. உங்கள் மூத்தம்மா இன்னும் இருக்கிறார் என்றால் இந்தக் கிழமையே ஒரு கொப்பியோடு போய் உட்காருங்கள். உம்மாவின் உம்மாவிலிருந்து தொடங்கி, அவருக்குத் தெரிந்தவரை பின்னோக்கிக் கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியை ஒலுவில் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுங்கள். இந்தக் கரையின் வரலாற்றை நாளை எழுத வருபவருக்கு அமைச்சர்களின் பெயர்கள் எப்படியும் கிடைக்கும். இந்தப் பெயர்கள் உங்களிடமிருந்துதான் கிடைக்கவேண்டும்.