சீகாழியும் ஆளுடைய பிள்ளையாரும்

ஓர் ஊர் தன்கட் பிறந்த பெரியாரை நினைவுகூரும் முறைகள் பலவாம். உருவம் நிறுவுதலும், தெருவிற்குப் பெயரிடுதலும், ஆண்டுதோறும் விழாவெடுத்தலும் உலகில் யாண்டுங் காணப்படும். இவையெல்லாம் அப்பெரியார் மறைந்தபின் ஊரவர் செய்வன. சீகாழியின் வரலாறோ இதனின் வேறுபட்டது. ஈண்டு ஊர் பிள்ளையாரை நினைக்கத் தொடங்குமுன்னரே பிள்ளையார் ஊரை நினைந்து பாடிவைத்தனர்.

கி.பி. ஏழாம் நூற்றாண்டிற் கவுணியர் குலத்துச் சிவபாதவிருதயர்க்கும் பகவதியார்க்கும் திருமகவாய்த் தோன்றியவர் திருஞானசம்பந்த சுவாமிகள். வாதாபிப் போரிற் கலந்த சிறுத்தொண்டரைத் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்துட் பெயர்சுட்டிப் பாடினமையானும், பல்லவ நரசிம்மவர்மன் அந்நகரை வென்றது 642ஆம் ஆண்டளவில் ஆதலானும், இக்காலம் துணியப்படும். முதல் மூன்று திருமுறைகளாக வகுக்கப்பட்ட சுவாமிகளின் பதிகங்கள் 383. அவற்றுள் 67 சீகாழி ஒன்றற்கே உரியன. பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் என்னும் பன்னிரு பெயர்களும் அவற்றுட் போற்றப்பட்டன. மாலைமாற்று, எழுகூற்றிருக்கை முதலிய அரிய யாப்புக்களும் இப்பதிக்கே அமைந்தன.

இதனினுஞ் சிறந்தது ஒன்றுண்டு. பிற பதிகளைப் பாடுங்காலும் இறுதித் திருக்கடைக்காப்பிற் சுவாமிகள் தம் பெயரோடு ஊர்ப்பெயரையும் இயைத்தல் பெருவழக்கு. ஆதலின் மதுரையில் ஓதினும், திருமறைக்காட்டில் ஓதினும், கடல்கடந்த ஈழத்துக் கோணமாமலையில் ஓதினும், ஓதுவார் நாவிற் காழி வந்து நிற்கும். ஊரின் புகழை இங்ஙனம் உலகெங்குங் கொண்டுசென்ற மகவுக்கு அவ்வூர் செய்த கைம்மாறு யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதலாவது, வழிபாடு. தோணியப்பர் திருக்கோயிலுள்ளே சுவாமிகட்குத் தனிக்கோயில் எடுக்கப்பெற்றது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் அவரை ஆளுடைய பிள்ளையார் என்றே வழங்கும். இரண்டாவது, விழா. சித்திரைப் பெருவிழாவின் இரண்டாம் நாளிற் பிரமதீர்த்தக் கரையில் திருமுலைப்பால் விழா நிகழ்கின்றது. மூவாண்டிற் சிவஞானம் பெற்ற அந்நிகழ்ச்சியைச் சேக்கிழார் பெருமான் விரித்தோதியவாறே ஊரார் ஆண்டுதோறும் கண்முன் நிகழ்த்திக் காண்கின்றனர். தாய்மார் பால் நிவேதித்துத் தம் மக்கட்கு ஊட்டுகின்றனர். மூன்றாவது, ஏடு. பிற்காலச் சோழர் காலத்துத் திருமுறை ஏடுகளைப் பேணுதற்கெனக் காழிக்கோயிலிற் திருக்கைக்கோட்டி இருந்தமை கல்வெட்டால் அறியப்படும்.

இம்மூன்றனுள் முன்னிரண்டும் இடையறாது விளங்குவன. மூன்றாவதோ மண்ணுள் மறைந்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களிற் குடமுழுக்கின் பொருட்டு யாகசாலை அமைக்க நிலம் அகழ்ந்தபொழுது, ஐம்பொற் றிருமேனிகளோடு தேவாரம் பொறித்த செப்பேடுகளும் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. மே 24ஆம் நாள் குடமுழுக்கு நிறைவேறிற்று. தன் மகவின் மொழியைத் தன் மண்ணிலேயே காத்துவைத்திருந்த நகர் பிறிதொன்று உளதோ!

அச்சிட்ட தேவாரம் இல்லந்தோறும் இருப்பச் செப்பேடுகளாற் பயன் என்னை, அவை பூசித்தற்கே உரியன எனின், அது பொருந்தாது. தில்லையிற் கண்டெடுத்த ஏடுகளுட் பல செல்லரித்தமையைத் திருமுறைகண்ட புராணங் கூறும். எஞ்சியவையும் பல கை மாறி எழுதப்பட்டே அச்சேறின. ஓரெழுத்துத் திரியின் பொருள் திரியும். தேவாரத்தைப் பிரமாணமாகக் கொள்ளுஞ் சித்தாந்திகட்கு அத்திரிபு சிறிதன்று. ஏடுகளுட் காணப்படாத திருவிடைவாய்ப் பதிகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தலத்துக் கல்வெட்டிலேயே கிடைத்தது. எழுத்து எங்கே பிழைத்திருக்கும் என்பதற்கு அதுவே சான்று. எனினும் புதிய பதிகம் உண்டென முன்னரே துணிந்து ஆரவாரித்தலும் அறிவுடைமையன்று. ஒவ்வோர் ஏட்டையும் படியெடுத்து, அச்சுநூல்களோடு ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளை அறிஞர் அனைவருங் காண வெளியிடுதலே முறையாம். அது வழிபாட்டிற்கு மாறாகாது, அதன் நிறைவேயாம்.

பாலுண்ட பிள்ளையாரை மட்டும் நினைந்து, அப்பால் பாடலாய்ப் பெருகியதனை மறப்பின், அந்நினைவு பாதியேயாம். சுவாமிகள் திருக்கடைக்காப்புத்தோறும் ஊர்ப்பெயரைப் பொறித்தது, ஓதுவார் உள்ளவரை அவ்வூரும் உளதாம்பொருட்டேபோலும். ஆதலின் பதிகத்தைப் பிழையறக் காத்து ஓதுவதே காழி தன் மகவுக்குச் செலுத்துங் கடனும், தனக்குத் தேடிக்கொள்ளும் வாழ்வுமாம் என்க.