படிக்கும்போதே பக்கம் 'டக்'குன்னு குதிக்குதா? பிரவுசர் எஞ்சினில் இதை எப்படிச் சரி செய்தார்கள்?

கீழக்கரையில் காற்று பலமாக வீசுது. பாம்பனில் எத்தனாம் எண் கூண்டு ஏத்தியிருக்காங்கன்னு பார்க்க, மொபைலில் செய்தியைத் தள்ளிக்கிட்டே வர்றீங்க. சரியாக அந்த வரி வரும்போது மேலே ஒரு விளம்பரம் வந்து உட்காருது. வரி கீழே ஓடிப்போகுது. 'அடுத்த செய்தி'யைத் தொடப்போன விரல் விளம்பரத்தில் பட்டு, தெரியாத ஆப்பின் டவுன்லோடு பக்கம் திறந்தால் இன்னும் மோசம்.

போன் பழசானதுதான் காரணம் என்று நினைக்காதீங்க. புது போனிலும் இது நடக்கும்.

ஏன் குதிக்குது?

ஒரு பக்கம் மொத்தமாக வந்து சேர்வதில்லை. எழுத்து முதலில் வரும். படமும் விளம்பரமும் பின்னால் வரும். நீங்க எங்கே படிக்கிறீங்க என்பதை பிரவுசர் வரியை வைத்துக் கணக்கிடாது, மேலிருந்து எத்தனை பிக்சல் என்றுதான் வைத்திருக்கும். நீங்க 3,000-வது பிக்சலில் இருக்கும்போது மேலே 250 பிக்சல் உயர விளம்பரம் நுழைந்தால், உங்க வரி 3,250-க்குப் போய்விடும். பிரவுசரோ 3,000-லேயே நிற்கும். அதன் கணக்கு சரிதான், படிக்கிறவர் பாடுதான் திண்டாட்டம்.

நங்கூரம் போட்ட குரோம்

இதற்குத் தீர்வு 2017 ஜனவரியில் குரோம் 56-வது பதிப்பில் வந்தது. (2008-ல் குரோம் அறிமுகமானபோது அந்தத் திட்டத்தைக் கவனித்தவர் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை.) தீர்வின் பெயர் 'ஸ்க்ரோல் ஆங்கரிங்'. ஆங்கர் என்றால் நங்கூரம். கடற்கரைக்காரங்களுக்கு இதுக்கு மேல் விளக்கம் வேண்டாம்!

திரையில் தெரியும் ஒரு பத்தியை எஞ்சின் நங்கூரமாகப் பிடித்துக்கொள்கிறது. மேலே ஏதாவது நுழைந்து அந்தப் பத்தி 250 பிக்சல் இறங்கினால், ஸ்க்ரோலையும் அதே 250 நகர்த்திவிடும். நம்ம கண்ணுக்கு எதுவும் அசைந்ததாகத் தெரியாது. ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது சராசரியாக மூன்று குதிப்புகள் வரை தடுக்கப்படுவதாக அப்போது கூகுள் சொன்னது. ஃபயர்ஃபாக்ஸில் 2019-ல், 66-வது பதிப்பில் வந்தது.

ஆனால் தீர்வே புதுத் தலைவலியும் ஆனது. ஸ்க்ரோல் செய்யும்போது தாங்களே தலைப்புப் பட்டையைச் சுருக்கி விரிக்கும் தளங்கள் உண்டு. தளம் ஒரு பக்கம் நகர்த்த, பிரவுசர் அதைத் திருத்த, அந்தத் திருத்தத்தைப் பார்த்துத் தளம் மறுபடி நகர்த்த... பக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் சில மாற்றங்களின்போது எஞ்சின் திருத்தாமல் ஒதுங்கிக்கொள்ளும்படி விதி வைத்தார்கள். தேவையில்லாத தளம் ஒரே வரி கோடில் வசதியை அணைத்தும் வைக்கலாம்.

இன்னொரு விதிதான் நம்மை அதிகம் படுத்துகிறது. பக்கத்தின் உச்சியில், அதாவது பூஜ்ஜியத்தில் நீங்க இருந்தால் நங்கூரம் வேலை செய்யாது. லிங்க்கைத் திறந்த முதல் சில நொடிகளில் தலைப்பு இன்னும் குதிப்பது அதனால்தான்.

மீதிப் பொறுப்பு தளங்களுடையது. படத்தின் அகலம், உயரத்தை முன்கூட்டியே எழுதி, விளம்பரத்துக்கு இடம் ஒதுக்கி வைத்தால் குதிப்பே வராது. இதில் செய்தித் தளங்கள்தான் அதிகம் திருந்த வேண்டியவை. குதிப்பை அளக்க 2020-ல் கூகுள் ஒரு மதிப்பெண் கொண்டுவந்தது, 0.1-க்குள் இருந்தால் நல்ல பக்கம். 2021 முதல் தேடல் வரிசையிலும் அது கணக்கில் வருது.

நீங்க என்ன செய்யலாம்?

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோருக்குப் போய் குரோமை மட்டுமில்லாமல் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ'வையும் அப்டேட் செய்யுங்க. பல ஆப்களுக்குள்ளேயே திறக்கும் பக்கங்கள் அதில்தான் ஓடுகின்றன. ஐபோனில் வேறு பிரவுசர் மாற்றிப் பயனில்லை. இந்தியாவில் குரோம் போட்டாலும் உள்ளே இருப்பது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். நங்கூர வசதி அதில் ஆண்டுக்கணக்கில் வராமலே இருந்தது. அந்த எஞ்சின் ஐஓஎஸ் அப்டேட்டோடுதான் புதுசாகும்.

எந்த போனாக இருந்தாலும், பக்கம் திறந்ததும் பட்டனை உடனே தொடாம, படங்கள் வந்து நிற்கிற வரைக்கும் இரண்டு மூன்று நொடி பொறுங்க.