திராட்சைத் தோட்டமும் திருப்பலிக் கிண்ணமும்



நம் ஆலயத்தின் பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டபோது, கோபுரம் எழுந்த கதையையோ மணி வந்த கதையையோ நாம் எழுதுவோம் என எதிர்பார்த்திருப்பர். அவற்றை நம்மினும் நன்கறிந்த பெரியவர்கள் இப்பங்கில் இருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. நாள்தோறும் பீடத்தருகே இரண்டு கண்ணாடிக் குப்பிகள் வைக்கப்படுகின்றனவே, அவற்றுள் ஒன்றில் இருக்கும் திராட்சை இரசத்தைப் பற்றியது. ஐம்பது ஆண்டுகளாக அது இப்பீடத்தில் குறைவின்றி இருந்து வருகிறது. அது எங்கிருந்து வருகிறது, யார் செய்கிறார்கள் என்று நம்மிடம் கேட்டவர் அரிது.

ஆனால் ஒரு தாய் வேறொரு கேள்வி கேட்டார். நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், குடியினால் கணவனையும் குடியிருந்த வீட்டையும் இழந்தவர் அவர். தவக்காலப் பிரசங்கம் முடிந்ததும் சக்ரீஸ்து வாசலில் வந்து நின்று, "சாமி, குடிக்காதேன்னு பிரசங்கம் வைக்கிறீங்க. பீடத்துலயும் அதைத்தானே ஊத்துறீங்க?" என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை, களைப்பே இருந்தது. குருமடத்தில் கற்ற மறைநூல் விளக்கத்தைக் கூறி அனுப்பினோம். அவர் தலையசைத்துச் சென்றார். நாம் கூறிய மறுமொழி அவருக்கு மட்டுமல்ல, நமக்கும் போதவில்லை.

ஏழு குன்றுகளின் ஊர்

சில ஆண்டுகளுக்குப் பின், ஆஸ்திரேலிய நாட்டின் அடிலெய்டு நகரில் குடியேறிய உறவினர் அழைப்பின்பேரில் அங்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் கிளேர் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதில் செவன்ஹில் என்றோர் சிற்றூர். உரோமை நகரின் ஏழு குன்றுகளை நினைந்து சேசு சபைக் குருக்கள் இட்ட பெயர் அது. அங்கே சேசு சபையார் நிறுவிய சிறிய திராட்சை இரச ஆலை ஒன்று 1851-ஆம் ஆண்டிலிருந்து வேரூன்றி நிற்கிறது. அதைக் காணவே சென்றோம்.

அதன் தொடக்கம் வணிகத்தில் அன்று, துரத்தப்பட்டதில் இருக்கிறது. 1848-ல் ஐரோப்பாவெங்கும் புரட்சி எழுந்தபோது, ஆஸ்திரிய நாடு சேசு சபையாரை வெளியேற்றியது. அதே வேளையில் சிலேசியா நாட்டு உழவரான பிரான்ஸ் வைக்கர்ட் என்பவர் தம் இனத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயரத் துணிந்தார். தம் நிலத்தை விற்ற பணத்தில் பலருக்குக் கப்பல் கட்டணமும் அவரே செலுத்தினார். ஆன்ம காரியங்களைக் கவனிக்க இரு குருக்கள் உடன் சென்றனர். ஒருவர் அலோசியுஸ் கிரானேவிட்டர் சுவாமிகள். மற்றவர் மாக்சிமிலியன் கிளின்கோவ்ஸ்ட்ரோம் சுவாமிகள். 1848 டிசம்பரில் கப்பல் அடிலெய்டுத் துறைமுகத்தை அடைந்தது. கரையிறங்கியதும் கடனைப் பற்றிய சச்சரவு எழுந்து, கூட்டம் பிளவுபட்டது. இரண்டாம் குரு உடல்நலம் குன்றி விரைவில் தாயகம் திரும்பினார். எஞ்சியவர் கிரானேவிட்டர் சுவாமிகளும், மொழி தெரியாத ஊரில் வழிதெரியாமல் நின்ற சில குடும்பங்களுமே.

1851-ல் அவர் நூறு ஏக்கர் நிலம் வாங்கினார். அது நெடுங்காலமாக இங்கட்ஜுரி என்னும் அந்நாட்டுப் பழங்குடியினர் வாழ்ந்த பூமி என்பதையும் இங்கு மறவாமல் குறிப்பிடுகிறோம். அயலிலிருந்த ஓர் ஆட்டுப் பண்ணையிலிருந்து திராட்சைக் குச்சிகளைப் பெற்று நட்டனர். நோக்கம் ஒன்றே. பூசைக்கு வேண்டிய இரசத்திற்காகக் கப்பலை எதிர்பார்த்திருக்கலாகாது என்பதே அது. ஜான் ஷ்ரைனர் என்னும் துறவறச் சகோதரர் முதல் இரசப் பொறுப்பாளர் ஆனார். அவரைத் தொடர்ந்து ஒருவர்பின் ஒருவராகச் சகோதரர்களே அவ்வேலையைக் கவனித்து வந்தனர். அவ்வரிசையில் வந்த ஜான் மே என்னும் சகோதரர் 1972-ல் பொறுப்பேற்றுப் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

தோட்டம் மட்டும் வளரவில்லை. 1856-ல் புனித ஞானப்பிரகாசியார் கல்லூரியைத் திறந்து, சிறுவர்களுக்குக் கல்வியும் குருமாணவர்களுக்குப் பயிற்சியும் அளித்தனர். பின்னாளில் புனித மேரி மெக்கிலப் அம்மையாருடன் இணைந்து சூசையப்பர் கன்னியர் சபையை நிறுவிய ஜூலியன் டெனிசன் உட்ஸ் சுவாமிகள் குருத்துவப் படிப்பு படித்தது இங்கேதான். 1871-ல் அடிலெய்டு ஆயர் அந்த அம்மையாரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கித் தண்டித்தபோது, அவருக்கு உறுதுணையாய் நின்றவர்கள் இந்த ஆஸ்திரியச் சேசு சபைக் குருக்களே. தண்டனை 1872-ல் நீக்கப்பட்டது. 2010-ல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். 1882-லிருந்து 1899 வரை இச்சபையார் வடக்கே டார்வின் பகுதிக்கும் சென்று பழங்குடி மக்களிடையே மறைப்பணி செய்தனர்.

ஆலயத்தின் கதையைக் கேட்டபோது நமக்குப் புன்னகை வந்தது. 1864-ல் தொடங்கிய வேலை முடிவுற 1875 ஆயிற்று. பாதியில் நின்ற சுவரும், பணத்துக்கு அலைந்த குருவும் நமக்கு மட்டும் உரியவை அல்ல என்று அறிந்து ஆறுதல் அடைந்தோம்.

சுவைத்துப் பார்த்தது

ஆலையில் முதலில் நிலவறைக்குச் சென்றோம். தடித்த கற்சுவர், வெளியே வெயில் எரிக்க, உள்ளே மார்கழிக் குளிர். வரிசை வரிசையாக மரப்பீப்பாய்கள். புளித்த பழத்தின் மணமும் ஈரமரத்தின் மணமும் கலந்து வந்தன. வேலை நடக்கும் முறையை ஒருவர் பொறுமையாக விளக்கினார். தென்பாதி உலகமாதலால் அறுவடை அங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடைபெறும். பழத்தைப் பிழிந்த சாற்றில் நுண்ணுயிரான ஈஸ்டு வேலை செய்து, சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வெள்ளை இரசத்திற்குச் சாற்றை மட்டும் எடுப்பர். சிவப்புக்குத் தோலையும் சேர்த்தே ஊறவிடுவர், நிறம் தோலில் இருக்கிறது. காற்றுப் பட்டுக் கெட்டால் காடியாகிவிடும். மனிதன் செய்யும் வேலை பாதி, காத்திருப்பது மறுபாதி.

பின்பு சுவைக்கும் கூடத்தில் ஐந்தாறு கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் அளவு ஊற்றினர். அருகில் ஒரு குடுவை. சுவைத்தபின் அதில் உமிழ்ந்துவிடலாமாம். அதுவே தேர்ந்தவர் வழக்கமாம். நமக்கோ மனம் வரவில்லை. கிண்ணத்தில் ஒரு துளியும் எஞ்சாதபடி நீரூற்றிக் கழுவிப் பருகியே பழகிய கைகள் இவை. ஆகையால் மிகச் சிறிதே வாங்கி, விழுங்கினோம். அப்பள்ளத்தாக்கின் புகழுக்குக் காரணமான ரீஸ்லிங் என்னும் வெள்ளை இரசம் எலுமிச்சை மணத்துடன் நாவைக் கூசச் செய்தது. ஷிராஸ் என்னும் சிவப்பு இரசம் கருநாவற்பழ நிறம். தொண்டையில் மிளகின் காரம். நல்லவை என்றே எல்லோரும் கூறினர். நமக்கு வேறுபாடு அறியும் நாவு இல்லை.

இறுதியாகப் பூசை இரசத்தை ஊற்றினர். செறிவும் இனிப்பும் கொண்டது. உதட்டில் பட்டதுமே நாம் பேச்சை நிறுத்திவிட்டோம். இத்தனை ஆண்டுகளாக விடியற்காலையில், வெறும் வயிற்றில், எழுந்தேற்றத்திற்குப் பின் நாம் உணர்ந்த அதே சுவை. கடைக்கூடத்தில் நின்றுகொண்டு அதைப் பருகுவது, தாயின் குரலைச் சந்தையில் கேட்டதுபோல் இருந்தது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. எழுந்தேற்றத்தின்போது மாறிப்போவது திரவத்தின் சுவையன்று. சுவை அப்படியே இருக்கிறது; பொருள் வேறாகிறது. மறையியல் வகுப்பில் நாம் எழுதித் தேறிய பாடத்தை அன்று நாவினால் கற்றோம்.

அங்கிருந்து ஆலயத்திற்குச் சென்றோம். பீடத்தின் கீழ் ஒரு நிலவறை. அதில் குருக்களும் சகோதரர்களும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அந்தச் சகோதரர்கள் பூசை செய்தவர்கள் அல்லர். மண்ணைக் கொத்தி, கொடியைக் கவாத்து செய்து, பீப்பாய் கழுவியவர்கள். அவர்கள் வியர்வை எத்தனையோ பீடங்களின் கிண்ணத்தில் சேர்ந்தது. நற்கருணைக் காணிக்கை மன்றாட்டில் மனித உழைப்பின் பயன் என்று நாம் கூறும்போது, அவர்களையும் சேர்த்தே கூறுகிறோம்.

திருச்சபை காத்த முறைமை

பூசைக்கு எந்த இரசமும் ஆகாது. மூன்றாம் நூற்றாண்டிலேயே வெறும் தண்ணீரை வைத்துப் பூசை செய்த சிலரை மறைசாட்சியான புனித சிப்ரியான் கண்டித்து நீண்ட மடல் எழுதினார். இரசத்தில் சிறிது நீர் கலக்கும் வழக்கத்தை 1439-ல் பிளாரன்ஸ் பொதுச்சங்கம் விளக்கியுரைத்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 924-ஆம் எண்ணில், இரசம் திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாக வந்ததும் கெடாததுமாய் இருக்கவேண்டுமெனப் பணிக்கிறது. 2004-ல் வந்த உரோமை அறிவுரையும் அதையே வலியுறுத்திற்று. இரசம் கெடாதிருக்கத் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சேர்க்க 1896-ல் உரோமை இசைந்தது. அதற்கும் 18 விழுக்காடு என எல்லை வகுத்தது.

நாட்டுச் சட்டங்களும் இதற்கு இடம் தந்தன. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியபோது, வழிபாட்டு இரசத்திற்கு விலக்கு அளிக்கப்பட்டது. நம் மாநிலத்தில் 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கியது. பூசை இரசத்திற்கென்றே 1984-ல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அக்கொடியை 1832-ல் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவர் கொண்டுவந்தார் என்று அவ்வட்டாரத்தார் வழிவழியாகக் கூறுவர். குருவும் கொடியும் சேர்ந்தே பயணம் செய்த கதை நமக்கும் புதிதன்று.

மூன்று துளி

ஆயினும் இரசத்தின் மதிப்பை நமக்குக் கற்றுத்தருபவர் ஆலையில் இல்லை, சிறையில் இருந்தார். வியட்நாம் நாட்டு ஆயர் பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான் 1975 ஆகஸ்டு 15-ல், தேவமாதா விண்ணேற்புத் திருநாளன்று கைது செய்யப்பட்டார். பதின்மூன்று ஆண்டுச் சிறைவாசம். அதில் ஒன்பது ஆண்டு தனிச்சிறை. வயிற்று வலிக்கு மருந்து அனுப்புங்கள் என்று அவர் எழுதியதன் பொருளை மக்கள் உணர்ந்து, சிறு குப்பியில் இரசத்தை மருந்தென எழுதி அனுப்பினர். உள்ளங்கையே அவருக்குக் கிண்ணம். மூன்று துளி இரசம், ஒரு துளி நீர். இவ்வாறு நாள்தோறும் பூசை செய்தார். 1988-ல் விடுதலை பெற்று, 2001-ல் கர்தினாலாகி, 2002-ல் இறைவனடி சேர்ந்தார்.

மூன்று துளி ஒரு மனிதரைச் சிறையில் தாங்கியது. அதே திரவம் ஒரு வீட்டை அழிக்கவும் வல்லது. ஆண்டவரின் இராவுணவிலேயே குடித்து மயங்கியவர்களைப் புனித சின்னப்பர் கொரிந்து நகரில் கண்டித்தார். ஆக, அந்தத் தாயின் கேள்வி புதிதன்று. திருச்சபையின் முதல் தலைமுறையிலேயே எழுந்தது.

இன்று அவர் வந்தால் நாம் கூறுவது இது. "அம்மா, நீ சொன்னது உண்மை. பீடத்தில் ஊற்றுவதும் அதுவே. மனிதனின் கை எதைக் கெடுத்ததோ, அதையே ஆண்டவர் தம் கையில் எடுத்தார். கோதுமையும் திராட்சையும் போதையும் பசியும் கலந்த நம் வாழ்வையே எடுத்தார். ஆனால் உன் வீட்டில் உடைந்ததை என் விளக்கம் ஒட்டாது. அதற்கு நானும் பங்கும் ஏதேனும் செய்யவேண்டும்."

குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு, ஒரு துளியும் தொடக்கூடாத நிலையிலுள்ள குருக்கள், ஆயரின் அனுமதியுடன் புளிக்கவிடாத திராட்சைச் சாற்றைக் கொண்டு பூசை செய்யலாம் என்று 2003-ல் உரோமை ஒழுங்கு வகுத்தது. தன் பீடத்திலேயே பலவீனனுக்கு இடம் விட்ட திருச்சபை இது. நம் வீட்டு விருந்துகளில் அந்த இடம் இருக்கிறதா?

ஆகவே இப்பொன்விழா ஆண்டில் பங்கு மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஞானஸ்நானம், புதுநன்மை, திருமணம், பங்குத் திருவிழா ஆகிய நாட்களில் எவ்வீட்டிலும் மது பரிமாற வேண்டாம். அச்செலவில் ஒரு பகுதியை, குடியால் நலிந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிப்புக்கென ஒதுக்குங்கள். குடியை விட விரும்பும் சகோதரர் எவராயினும், எந்நேரமாயினும், பங்கு மனையின் கதவைத் தட்டலாம். கேள்வி கேட்க மாட்டோம். உடன் மருத்துவரிடம் வருவோம்.

செவன்ஹில் சகோதரர்கள் தங்களுக்கென்று நட்டவர்கள் அல்லர். தங்களுக்குப் பின் வருவோரின் பீடத்திற்காக நட்டார்கள். நம் முன்னோரும் அவ்வாறே இவ்வாலயத்தை நமக்கு விட்டுச் சென்றனர். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இப்பீடத்தின் முன் முழந்தாளிடப் போகும் பிள்ளைகளுக்கு, கண்ணீரற்ற இல்லங்களை நாம் விட்டுச் செல்வோமாக.

கானாவூர்த் திருமணத்தில் குறையை முதலில் கண்ட தேவமாதா, நம் இல்லங்களின் குறையையும் தம் திருமகனிடம் எடுத்துரைப்பாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

ஆண்டவரில் உங்கள் அன்புள்ள,
பங்குத் தந்தை