எழுத்து எஞ்சினும் ஒலி எஞ்சுமோ: அசாமின் தாய்-காம்யாங் மொழி

முன்னுரை

இந்திய மொழிகளை இந்தோ-ஆரியம், திராவிடம், ஆஸ்திரோ-ஆசியம், திபெத்தோ-பர்மியம் என நான்கு குடும்பங்களாகப் பகுத்துரைப்பது பாடநூல் வழக்கு. வடகிழக்கில் வழங்கும் தாய்-கடாய்க் குடும்பம் இப்பகுப்பில் பெரும்பாலும் விடுபடுகிறது. ‘தாய்’ என்பது இங்கு இனப்பெயர். காம்தி, பாக்கே, ஐத்தோன், காம்யாங் ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் மிகவும் நலிந்தது காம்யாங்.

பேசுவோர்

நெய்வேலியைப் போன்றே நிலக்கரியால் அறியப்படும் மார்கரிட்டா நகருக்கு அருகில், புரிதிகிங் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் பவாய்முக். பிற ஊர்களில் வாழும் காம்யாங் மக்கள் அசாமிய மொழிக்கு மாறிவிட்டனர். இவ்வூரில் மட்டும் ஏறத்தாழ 50 பேர் இம்மொழியைப் பேசுவதாக ஸ்டீபன் மோரேயின் கள ஆய்வுகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவுசெய்தன. 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனித்து வெளியிடாமையால், அரசுப் புள்ளிவிவரத்தில் இம்மொழிக்கு இடமில்லை.

அகோம் தரும் சான்று

1228இல் சுகாபா நிறுவிய அகோம் அரசு ஏறத்தாழ 600 ஆண்டுகள் நிலைத்தது. அதன் வரலாற்று நூல்களாகிய புரஞ்சிகள் முதலில் அகோம் மொழியிலும் பின்னர் அசாமிய மொழியிலும் எழுதப்பட்டன. அரசவையே மொழி மாறியது. பேச்சு வழக்கு ஒழிந்தது. பூசகர் இல்லங்களில் சுவடிகள் எஞ்சின. அகோம் எழுத்து தொனியைக் குறிப்பதில்லை. ஒரே எழுத்துத்தொடர் தொனிக்கேற்பப் பல சொற்களாக ஒலிக்கும். 18ஆம் நூற்றாண்டுச் சொற்பொருள் நூலாகிய ‘பர் அம்ரா’ பொருளைத் தருகிறது, தொனியைத் தருவதில்லை. ஆகவே அச்சுவடிகளை விளங்கிக்கொள்ள, இன்றும் பேசப்படும் பாக்கே முதலிய உறவுமொழிகளின் துணை வேண்டப்படுகிறது.

தமிழ்ச் சுவடிகளோடு ஒப்பீடு

தமிழ் ஓலைகளிலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. எனினும் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களால் அவற்றைப் படிக்க இயன்றது. வழக்கிலுள்ள மொழியும் யாப்பும் உரைமரபும் எழுத்தின் குறையை நிறைவு செய்தமையே அதற்குக் காரணம். அகோமுக்கு அவ்வாய்ப்பு இல்லாது போயிற்று. தேரவாத பௌத்தர்களாகிய காம்யாங் மக்களின் சுவடி எழுத்தும், பர்மிய-மோன் வழியாகத் தென்னிந்திய எழுத்து மரபோடு உறவுடையதாயினும், மரபாகத் தொனியைக் குறிப்பதில்லை. எனவே அகோமுக்கு நேர்ந்தது காம்யாங்குக்கும் நேரக்கூடும்.

முடிவுரை

சுவடிகளைப் படமெடுத்துக் காப்பதே மொழியைக் காப்பதாகும் என்னும் கருத்து தொனிமொழிகளுக்குப் பொருந்தாது. படித்துக் காட்டும் முதியோரின் குரல், சுவடியின் ஒவ்வோர் ஏட்டோடும் இணைத்துப் பதிவுசெய்யப்படுதல் வேண்டும். அக்குரலும் அடங்கின், எஞ்சும் ஏடுகள் எழுத்துக்கூட்ட மட்டுமே இயல்வனவாகிவிடும். அரசாண்ட மொழிக்கே அந்நிலை நேர்ந்ததெனின், ஓரூர் மொழிக்குக் காலம் மிகக் குறைவு.