வாழையடி வாழை, கரணையடி கரும்பு

எளாவூரில் எங்க வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ரஸ்தாளி வாழை இருந்தது. ஆயா வைத்தது. பழவேற்காடு ஏரிப் பக்கத்து உப்புக்காத்துக்கு வாழை எங்கே வரப்போகுதுன்னு அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். துவைத்த தண்ணியிலேயே அது வளர்ந்துச்சு. ஆயா போய்ப் பதினோரு வருஷம் கழித்தும் தார் தள்ளியது. ஒவ்வொரு தார் வெட்டும்போதும் அம்மா, "ஆயா குடுத்தது"ன்னு சொல்லித்தான் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பாங்க.

அது வெறும் பாசப் பேச்சு இல்லை. உயிரியல்படியும் சரி. ஒரு வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும். பிறகு அதன் கிழங்கிலிருந்து வரும் பக்கக்கன்று மரமாகும். நாம் சாப்பிடும் வாழையில் முளைக்கக்கூடிய விதை இல்லை. அதனால் கன்றுக்குத் தாய்தந்தை கலப்பு கிடையாது, தாய் மட்டும்தான். மரபணு அப்படியே நகல். "வாழையடி வாழை" என்று நாம் வாழ்த்துவது இதைத்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அடி இலைகள் மஞ்சளாகித் தண்டைச் சுற்றி மடிந்து தொங்கின. ஒரு மரம், அடுத்து இன்னொன்று, கடைசியில் எட்டு மரமும். வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்புநிற வளையங்கள். பனாமா வாடல் நோய். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை. ஒன்றுகூடத் தப்பவில்லையே ஏன் என்று தேடப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

குளோனிங் என்றதும் நமக்கு 1996-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி ஆடு நினைவுக்கு வரும். ஆனால் "குளோன்" என்ற சொல் அதற்கு 93 வருஷம் மூத்தது. 1903-இல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானி அதை உருவாக்கினார். கிரேக்கத்தில் அதற்கு மூலமான சொல்லின் பொருள் சிறுகிளை. கிழங்கு, பதியன், ஒட்டு, கரணை வழியாகப் பெருகும் செடிகளுக்கு ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இதே காலத்தில் குளோனின் இன்னொரு முகம் நம் பக்கத்திலேயே தெரிந்தது. எளாவூர் வழியாகப் போகும் கல்கத்தா ரயில்பாதையில் வடக்கே போனால் கோதாவரி டெல்டா வரும். அன்றைக்கு அதுவும் சென்னை மாகாணம்தான். 1901-இல் அங்கே கரும்பில் செவ்வழுகல் நோய் பரவியிருப்பதைப் பதிவு செய்தவர், மாகாண அரசின் தாவரவியலாளர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர். நோய் வந்த கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, புளித்த சாராய வாடை.

கரும்பை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கணுவோடு கரணை வெட்டி நடுகிறோம். அதாவது ஒரு ரகம் போட்ட ஊர் முழுக்க ஒரே செடிதான். ஒன்றை வீழ்த்தத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லாவற்றையும் வீழ்த்தத் தெரியும். நோயும் விதைக்கரணைக்குள்ளேயே ஒளிந்து அடுத்த வயலுக்குப் போகும். என் தொழிலில் சொன்னால், ஒரே இமேஜை ஆயிரம் சர்வரில் ஏற்றுவது மாதிரி. வேலை சுலபம். ஆனால் ஒரு பக் இருந்தால் அது ஆயிரத்திலும் இருக்கும்.

இதே பார்பர்தான் 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் முதல் தலைவர். ஏன் கோயம்புத்தூர்? அங்கே கரும்பு பூத்து விதை பிடிக்கும், வட இந்தியாவில் அது அரிது. விதை என்றால் கலப்பு. கலப்பு என்றால் ஒவ்வொரு நாற்றும் புதுசு. பார்பரும், அவருக்குப் பின் நிலையத்தை நடத்திய டி.எஸ். வெங்கட்ராமனும், "வெள்ளை" என்ற இனிப்புக் கரும்பை உள்ளூர்க் காட்டுக்கரும்போடு சேர்த்தார்கள். நாணல் மாதிரி மெலிந்த, சக்கரை குறைந்த, ஆனால் எதையும் தாங்குகிற கரும்பு அது. அப்படிப் பிறந்த "கோ 205" 1918-இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. "கோ" என்றால் கோயம்புத்தூர்.

இங்கே ஒரு முடிச்சைக் கவனியுங்க. ஆயிரக்கணக்கான நாற்றுகளில் நல்லது ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு என்ன செய்வோம்? மறுபடி கரணை வெட்டுவோம். மறுபடி குளோன்.

2009-இல் ஹரியானாவின் கர்னாலில் இரண்டு விஷயம் நடந்தது. அங்குள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் சம்ரூபா என்ற குளோனிங் எருமைக்கன்று பிப்ரவரியில் பிறந்து ஒரு வாரம்கூட இல்லாமல் நிமோனியாவில் இறந்தது. ஜூனில் கரிமா பிறந்தது, அது ரெண்டு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. அதே ஊரில் உள்ள கோயம்புத்தூர் நிறுவனத்தின் மண்டல மையம் உருவாக்கிய "கோ 0238" கரும்பும் அதே வருஷம் வெளியானது. அதை யாரும் குளோன் என்று எழுதவில்லை. பத்தே வருஷத்தில் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த ஒரே செடிதான் நின்றது. விளைச்சல் அப்படி, சக்கரை அப்படி. வெளியிட்டபோது செவ்வழுகலைத் தாங்கிய ரகம்தான். பூஞ்சை மாறிக்கொண்டது, கரும்பு மாறவில்லை. கோதாவரியில் பார்பர் பார்த்தது லட்சக்கணக்கான ஏக்கர் அளவில் திரும்ப வந்தது.

அதற்காகக் குளோனே தப்பு என்று சொல்லிவிட முடியாது. நகல் எடுக்க முடிந்ததால்தான் ஆயாவின் மரம் ஆயாவைத் தாண்டி வாழ்ந்தது. கோ 0238-ஆல் பல குடும்பங்கள் கடன் அடைத்திருக்கும். ஒரே நகலை எல்லா இடத்திலும் வைத்து, பக்கத்தில் வேறெதையும் விடாமல் இருப்பதில்தான் ஆபத்து.

எங்க சித்தி ரொம்ப நாள் முன்னாடி ஒரு கன்றை ஆரம்பாக்கம் கொண்டுபோய் நட்டிருந்தாங்க. அது இன்னும் நல்லா இருக்கு. எங்க பின்கட்டு மண்ணில் அந்தப் பூஞ்சை பல வருஷம் உயிரோடு இருக்கும், அங்கே ரஸ்தாளியைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் அந்த இடத்தில் பனாமா வாடலைத் தாங்குகிற பூவன் வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் போகும்போது சித்தியிடம் ஒரு கன்று கேட்கணும். மாடியில் ஒரு நீல டிரம், வெளியூர் மண். அம்மாவுக்கு அது போதுமாம்.